சித்தோரில் நடந்ததை எங்கள் பிள்ளைகள் எப்படிப் படிப்பது? பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

என்.சி.இ.ஆர்.டி. வரலாற்றுப் பாடநூல் குழு உறுப்பினர்களுக்கு,

பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலின் இரண்டாம் பாகத்தில் ஒன்பதாவதாக இருந்த 'அரசர்களும் வரலாற்றேடுகளும்: முகலாய அரசவைகள்' என்ற பாடத்தை எடுத்துவிட்டீர்கள். 2023-24 கல்வியாண்டுக்கான நூலில் அது இல்லை. பெருந்தொற்றுக்குப் பிறகு மாணவர் சுமையைக் குறைக்கிறோம் என்று காரணம் சொன்னீர்கள். அந்த முடிவை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில், உங்கள் நூல்களைப் பின்பற்றும் பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிறேன். அந்தப் பாடம் இருந்த வருடங்களிலும் நடத்தினேன், எடுத்த பிறகும் நடத்திக்கொண்டிருக்கிறேன். என்ன போயிற்று என்பது எனக்கு வகுப்பில் தினமும் தெரிகிறது.

நீக்கம் பற்றிய செய்தி வந்தபோது நிறையப் பேர் சண்டை போட்டார்கள். முகலாயரை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. இத்தனை நாள் முகலாயர் புகழ் பாடியது போதும் என்றது இன்னொரு தரப்பு. அந்தப் பாடத்தைத் திறந்து பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் குறைவு என்றே நினைக்கிறேன். ஒரு அரசவை தன் வரலாற்றைத் தானே எப்படி எழுதிக்கொள்கிறது, அதை நாம் எப்படி வாசிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த பாடம் அது. பள்ளிப் படிப்பு முடிவதற்குள் ஒரு பிள்ளைக்கு அது கிடைக்க வேண்டும்.

அக்பரின் வரலாறான அக்பர்நாமாவும் ஷாஜகானின் வரலாறான பாதுஷாநாமாவும் எப்படி உருவாயின என்று அதில் விரிவாக இருந்தது. கிதாப்கானா என்ற ஏட்டுக்கூடத்தில் காகிதம் செய்பவர், எழுத்தர், ஓவியர், பொன்பூச்சு வேலைக்காரர், பைண்டிங் செய்பவர் என்று எத்தனை கை பட்டு ஒரு நூல் வந்தது, யார் செலவில் வந்தது, யார் கண்ணுக்காக வந்தது என்றெல்லாம் பிள்ளைகள் படித்தார்கள். அக்பரின் அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் 1589-இல் தொடங்கி 13 ஆண்டுகள் எழுதித் திருத்திய நூல் அக்பர்நாமா. அதற்காக அரண்மனையின் மூத்தவர்களிடம் நினைவில் இருப்பதை எழுதித்தரச் சொன்னார்கள். அக்பரின் அத்தை குல்பதன் பேகம் எழுதினார். ஹுமாயூனுக்குத் தண்ணீர்ச் செம்பு ஏந்திய ஜவ்ஹரும் எழுதினார். இதை நான் கூடுதலாகச் சொல்லும்போது வகுப்பில் ஒரு அமைதி வரும். ராஜாவின் வரலாற்றுக்குள் ஒரு அத்தையும் ஒரு வேலைக்காரரும் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னதில் எதை எடுப்பது எதை விடுவது என்று ஒருவர் முடிவு செய்திருக்கிறார் என்று பிள்ளைகளுக்குப் புரியும் இடம் அது.

சித்தோரை எடுத்துக்கொள்கிறேன். ராஜஸ்தானில் மேவார் அரசின் கோட்டை. 1567 அக்டோபரில் அக்பர் முற்றுகையிட்டார், 1568 பிப்ரவரியில் கோட்டை விழுந்தது. விழுந்த பிறகு உள்ளே இருந்த மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். இதை நான் வகுப்பில் மறைத்ததே இல்லை. மறைக்கவும் கூடாது. ஆனால் நமக்கு இது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

அன்று கொல்லப்பட்டவர்களின் பூணூல் 74½ மணங்கு எடை இருந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. யாராவது ஒரு பிள்ளை அதை வகுப்புக்குக் கொண்டுவரும். அந்தப் பாடம் இருந்தபோது அது எனக்கு நல்ல வாய்ப்பு. இதை எழுதியது யார், எப்போது என்று தேடச் சொல்வேன். தேடினால் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் டாட்டிடம் போய் நிற்கும். ராஜஸ்தான் பற்றிய அவருடைய நூலின் இரண்டு பாகங்கள் 1829-இலும் 1832-இலும் வந்தன. சித்தோர் விழுந்து 260 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அந்த இடத்தை எப்படித் தொடங்குகிறார் என்று பார்க்கச் சொல்வேன். கான்னே போரில் ரோமானியரை வென்ற கார்த்தேஜ் தளபதி, செத்த வீரர்களின் மோதிரங்களை மரக்கால் கணக்கில் அளந்தான் என்ற கதையைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் அக்பரின் பூணூல் கணக்குக்கு வருகிறார். கூடவே, இந்த மணங்கு நான்கு சேர் கொண்டது என்று ஒரு குறிப்பும் போடுகிறார். வழக்கமான மணங்குக்கு 40 சேர். போனில் வரும் செய்தியில் அந்தக் குறிப்பைக் காணோம்.

டாட் கட்டுக்கதை விட்டார் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ராஜஸ்தானில் தலைமுறை தலைமுறையாக வாய்வழி வந்ததைக் கேட்டு எழுதினார். கடிதத்தை உரியவர் தவிர வேறு யாரும் பிரிக்கக் கூடாது, பிரித்தால் சித்தோர்க் கொலையின் பாவம் சேரும் என்று வணிகர்கள் உறைமேல் 74½ என்று எழுதிவந்த வழக்கத்தையும் அவர்தான் பதிந்திருக்கிறார். 1568-இல் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அந்தச் சாவு எத்தனை காலம் மக்கள் மனதில் கிடந்தது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பதினேழு வயதுப் பிள்ளைகளால் முடிகிறது. நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அக்பர்நாமாவுக்குப் போவோம். அக்பரைத் தெய்வ ஒளி பெற்றவராகவே காட்டும் நூல். அதிலேயே, கிட்டத்தட்ட 30,000 பேர் கொல்லப்பட்டதாக எழுதியிருக்கிறது. எதிரி எழுதவில்லை, அரசரின் நெருங்கிய மனிதர் எழுதுகிறார். காரணமும் சொல்கிறார். முன்பு அலாவுதீன் கில்ஜி இதே கோட்டையை 1303-இல் பிடித்தபோது குடியானவர்கள் போரில் சேரவில்லை, அதனால் உயிர் தப்பினார்கள், இந்த முறை அவர்களும் சேர்ந்து போராடினார்கள் என்கிறார். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி கேட்டாள்: "தப்பே இல்லைன்னு நினைச்சிருந்தா காரணம் எதுக்கு மிஸ் சொல்லணும்?" அந்தக் கேள்விதான் வரலாற்றுப் படிப்பு. அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புகழ் பாடும் ஏட்டை ஜாக்கிரதையாகப் படிக்கப் பழகியிருந்தாள், தானாக வந்தது.

மூன்றாவதாக ஒரு ஆவணம். கோட்டை விழுந்த சில நாட்களில், 1568 மார்ச் 9 அன்று, அஜ்மீரிலிருந்து வெளியிட்ட ஃபத்நாமா, அதாவது வெற்றி அறிவிப்பு. முன்ஷாத்-இ-நமகீன் என்ற கடிதத் தொகுப்பில் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. படிக்கும்போது உடம்பு கூசும். நடந்ததை மதப்போராகவும் இஸ்லாத்தின் வெற்றியாகவும் முழங்குகிறது. அபுல் ஃபசல் இருபது ஆண்டு கழித்து அதே சித்தோரை எழுதும்போது அந்த முழக்கம் பெரிதும் அடங்கி, பேரரசுக்குப் பணியாதவரைத் தண்டித்த கதையாகிவிடுகிறது. அதே அக்பர்நாமாவில், கோட்டைக்குள்ளிருந்து எழுந்த புகையைப் பார்த்து அது ஜவ்ஹர் தீ, அதாவது கோட்டைப் பெண்கள் எதிரி கையில் சிக்காமல் தீயில் இறங்கும் சடங்கு என்று அக்பருக்குச் சொன்னவர் ஆம்பேரின் ராஜபுத்திரர் பகவந்த தாஸ். கோட்டை மதிலை நெருங்க மூடுபாதை அமைத்ததில் அக்பரின் இந்து அதிகாரி தோடர் மால் இருந்தார்.

இந்தத் தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு, எந்த அக்பர் நிஜம் என்று கேட்டால், முதல் பத்து நிமிஷம் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஃபத்நாமாவை மட்டும் பிடித்துக்கொள்பவர்கள் ஒரு பக்கம், பகவந்த தாஸைப் பிடித்துக்கொள்பவர்கள் மறுபக்கம். பிறகு யாராவது ஒருவர் தேதியைப் பார்ப்பார். 1568-இல் அக்பருக்கு 25 வயது. தன்னை இஸ்லாத்தின் வீரனாகக் காட்டிக்கொள்ள அன்று அவருக்கும் அவருடைய அவைக்கும் தேவை இருந்தது. 1590-களில் அவர் எல்லா மதத்தாருக்கும் அரசராகத் தெரிய விரும்பினார். அக்பர்நாமாவின் மூன்றாம் பகுதியான ஆயின்-இ-அக்பரியில் அவர் வாய்மொழிகளாகத் தொகுத்திருப்பவற்றில் ஒன்று, முன்பு மனிதர்களைத் தம் மதத்துக்கு இணங்கும்படி துன்புறுத்தியதையும், அறிவு வளர்ந்த பிறகு அதற்காக வெட்கப்பட்டதையும் சொல்கிறது. அதையும் எழுதி வைத்தவர் அபுல் ஃபசல்தான், அதையும் ஜாக்கிரதையாகத்தான் படிக்க வேண்டும். ஒரு மனிதர் ஐம்பது ஆண்டு ஆண்டார், அந்த ஐம்பது ஆண்டில் மாறினார், மாறியதை மறைக்கவும் மெருகேற்றவும் ஆள் வைத்திருந்தார். இவ்வளவையும் ஒன்றாகக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளை, வாழ்க்கையில் எந்தச் செய்தியையும் சும்மா விழுங்காது.

ஓவியத்தையும் சொல்ல வேண்டும். அக்பர்நாமாவின் 116 ஓவியங்கள் லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சித்தோர் முற்றுகையும் அவற்றில் உண்டு. சுரங்கத்தில் வைத்த வெடி சொந்த வீரர்களையே தூக்கி எறிந்ததை அரசவை ஓவியர் வரைந்திருக்கிறார். அரசர் பார்க்கப் போகும் ஓவியத்தில் அதையும் வரைய முடிந்திருக்கிறது. புகழேடு என்றால் பொய்யேடு என்று அவசரப்பட்டு முடிவு கட்டும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுவேன்.

அபுல் ஃபசலைச் சந்தேகிக்கக் கற்றுக்கொண்டதும் எல்லாரும் அப்துல் காதிர் பதாயூனி பக்கம் சாய்வார்கள். இருவரும் ஒரே ஆண்டில், 1574-இல், அக்பரின் அவைக்கு வந்தவர்கள். ஒருவர் ஏறிக்கொண்டே போனார். இன்னொருவர் தனக்குப் பிடிக்காத மகாபாரத மொழிபெயர்ப்பில் உட்கார வைக்கப்பட்டார், மனதுக்குள் குமைந்தார், ரகசியமாக ஒரு வரலாறு எழுதினார். அது ஜஹாங்கீர் காலத்தில்தான் வெளியே வந்தது. ரகசியமாக எழுதினார், அதனால் உண்மையைத்தான் எழுதியிருப்பார் என்பார்கள் பிள்ளைகள். பொறாமையும் ரகசியமாக எழுதலாமே என்று நான் கேட்பேன். ஆனாலும் பதாயூனி இல்லாமல் முடியாது. 1576 ஹல்திகாட்டிப் போரில் அவர் நேரில் இருந்தார். நம் பக்க ராஜபுத்திரர் யார், எதிரிப் பக்க ராஜபுத்திரர் யார் என்று தெரியவில்லையே என்று முகலாயத் தளபதி ஆசப் கானிடம் கேட்டதாகவும், எந்தப் பக்கம் செத்தாலும் இஸ்லாத்துக்கு லாபம்தான், எய்துகொண்டே இருங்கள் என்று பதில் வந்ததாகவும் எழுதுகிறார். மத வெறுப்பு பச்சையாகத் தெரியும் இடம். அதே இடம்தான், முகலாயப் படையில் ராஜபுத்திரர் நிறைந்திருந்ததையும் காட்டுகிறது. அந்தப் படைக்குத் தலைமை ஆம்பேரின் ராஜபுத்திரர் மான் சிங். எதிரே இருந்த மேவார் அரசர் ராணா பிரதாப் பக்கம் முன்னணியில் நின்றவர் ஆப்கானியரான ஹக்கீம் கான் சூர். ஹல்திகாட்டியை இந்து-முஸ்லிம் சண்டை என்று ஒரே வரியில் சொல்பவரையும், மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்பவரையும் பதாயூனியின் இந்த ஒரு பத்தி நிம்மதியாக இருக்க விடாது.

சின்ன விஷயத்திலும் இது உதவும். முஸ்லிம் அல்லாதவர் மீதான ஜிஸ்யா வரியை அக்பர் நீக்கியது 1564-இல் என்கிறார் அபுல் ஃபசல். பதாயூனி அதை 1579-ஐ ஒட்டிய நிகழ்வுகளோடு சொல்கிறார். பதினைந்து ஆண்டு வித்தியாசம். பாடநூலில் 1564 என்று மட்டும் படித்த பிள்ளைக்கு அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு வழக்கு இருப்பதே தெரியாது. தொலைக்காட்சித் தொடர் பார்த்து வளர்ந்தவர்கள் அக்பரின் ஆம்பேர் மனைவியை ஜோதா என்றே அறிவார்கள். 1562-இல் நடந்த அந்தத் திருமணத்தைச் சொல்லும் அக்பர்நாமாவில் அந்தப் பெயர் இல்லை என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பாடம் போன பிறகு வந்த பிள்ளைகளிடம் அதே 74½ மணங்குச் செய்தி வருகிறது. "நிஜமா மிஸ்?" என்று சிலர் கேட்கிறார்கள், "இதெல்லாம் சும்மா மிஸ்" என்று சிலர் தள்ளிவிடுகிறார்கள். யார் சொன்னது என்ற கேள்வியை நானே எடுத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது. சரி, நானே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து நடத்தலாம் என்று செய்து பார்த்தேன். பாடத்திட்டத்தில் இல்லாததை, அதுவும் இந்த விஷயத்தை, ஏன் எடுக்கிறீர்கள் என்று ஒரு பெற்றோர் கேட்டார். புத்தகத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னது. முன்பு இதே கேள்வி வந்திருந்தால் பாடநூலின் பக்கத்தைத் திறந்து காட்டியிருப்பேன். அந்தப் பக்கம் எனக்குக் கவசமாக இருந்தது. நீங்கள் எடுத்தது அதையும்தான்.

மிச்சம் வைத்திருப்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எட்டாவது பாடத்தில் ஆயின்-இ-அக்பரி இருக்கிறது. வங்காளத்துக்கும் ஒரிசாவுக்கும் ஜமீந்தார்களின் சாதி விவரம் அதில் இல்லை, கூட்டல் பிழைகள் உண்டு என்று அதன் குறைகளைக்கூட அழகாக விளக்கியிருக்கிறீர்கள். பயணிகள் பற்றிய பாடம் இருக்கிறது, பெர்னியர் என்ற பிரெஞ்சுப் பயணியை ஏன் அப்படியே நம்பக்கூடாது என்று சொல்லித்தருகிறது. ஆக, சான்றை எப்படி வாசிப்பது என்று உங்களுக்குத் தெரியும், எழுதவும் தெரியும். ஆனால் இன்று பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை முகலாய அரசைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னதை எடைபோடப் பழகுகிறது. அந்த அரசு தன்னைப் பற்றித் தானே சொன்னதை எடைபோடும் பாடம் இல்லை. அதிகாரத்தில் இருப்பவர் தன் கதையைத் தானே எழுதும்போது எப்படி எழுதுவார் என்பது நம் பிள்ளைகளுக்கு அவசியம் தெரிய வேண்டிய விஷயம் என்று நான் நம்புகிறேன்.

புதிய கீழ் வகுப்பு நூல்களில் முகலாயரை ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள். 2025-இல் வந்த எட்டாம் வகுப்பு நூல் அக்பரின் ஆட்சியைக் கொடூரமும் சகிப்புத்தன்மையும் கலந்தது என்கிறது. சித்தோர்ப் படுகொலையைப் பேசுகிறது. பழைய ஏழாம் வகுப்பு நூல் 1568-இல் சித்தோர் கைப்பற்றப்பட்டது என்ற ஒரு வரியோடு நகர்ந்துபோனது. அது பெரிய குறை, நீங்கள் அதைச் சரிசெய்தது எனக்குச் சம்மதம். முன்காலக் கொடுமைகளுக்கு இன்று வாழும் யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று குறிப்பு எழுதியதும் நல்லது. ஆனால் பதின்மூன்று வயதில் இந்தத் தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, பதினேழு வயதில் அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமான ஏடுகளைப் படிக்கும் பாடத்தை எடுத்துவிட்டால், பிள்ளை தீர்ப்போடு மட்டும் வீட்டுக்குப் போகிறது. பழைய தீர்ப்பு 'மகா அக்பர்', புதியது வேறு. மனப்பாடம் செய்வது மட்டும் மாறவில்லை.

இவ்வளவு நுணுக்கம் பிள்ளைகளுக்குப் பாரம் என்று நீங்கள் சொல்லலாம். என் வகுப்பில் தூங்கி வழிந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்தது இந்தப் பாடத்துக்குத்தான். பேரரசர்களின் வரிசையும் ஆண்டுகளும்தான் அவர்களுக்குப் பாரம்.

என் கோரிக்கைகளை வெளிப்படையாகவே வைக்கிறேன். ஒன்பதாவது பாடத்தை அடுத்த பதிப்பில் திரும்பச் சேருங்கள். புதிய பாடத்திட்டத்தின்படி பன்னிரண்டாம் வகுப்பு நூலை மாற்றி எழுதுவதானால், அரசவை வரலாற்றேட்டை வாசிப்பதற்கென ஒரு முழுப் பாடத்துக்கு அதில் இடம் ஒதுக்குங்கள். அது முகலாயரோடு நிற்க வேண்டியதில்லை, மற்ற அரசுகளின் மெய்க்கீர்த்தியும் புகழேடும் அதே கண்ணோடு வரட்டும்.

எட்டாம் வகுப்பு நூலில் அக்பர் பற்றி நீங்கள் சொல்லும் முடிவுக்குப் பக்கத்தில், ஃபத்நாமாவிலிருந்து நான்கு வரியும் அக்பர்நாமாவிலிருந்து நான்கு வரியும் சேர்த்துப் போடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் எழுதியவர், எழுதிய ஆண்டு, யாருக்காக எழுதியது, நிகழ்வுக்கு எத்தனை ஆண்டு கழித்து எழுதியது என்று நாலே விவரம் இருந்தால் போதும்.

ஆசிரியர்களுக்கு ஒரு சான்றுத் தொகுப்பு வேண்டும். எங்களில் பெரும்பாலோருக்குப் பாரசீகம் தெரியாது. அக்பர்நாமாவுக்கு நூறாண்டுக்கு முந்தைய பெவரிட்ஜின் ஆங்கிலத்தைத்தான் இன்னும் நம்பியிருக்கிறோம். பாரசீக அறிஞர்களை வைத்து அபுல் ஃபசல், பதாயூனி, அக்பர் காலத்து இன்னொரு வரலாற்றாசிரியரான நிஜாமுதீன் அகமது, குல்பதன், அக்பரைக் காண 1580-இல் வந்த ஏசு சபைப் பாதிரிமார் ஆகியோரின் எழுத்திலிருந்து பகுதிகளைக் குறிப்புகளோடு மொழிபெயர்த்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் இணையத்தில் இலவசமாகப் போடுங்கள். பொதுத்தேர்வில் சான்றைக் கொடுத்துக் கேட்கும் கேள்விகள் இப்போதும் வருகின்றன. பத்திக்குள்ளேயே விடை இருக்கும்படி கேட்காமல், இதை எழுதியவருக்கு என்ன நோக்கம் இருந்திருக்கலாம் என்று கேட்கும் கேள்வி ஒன்றாவது இருக்க வேண்டும் எனத் தேர்வு வாரியத்துக்குப் பரிந்துரை செய்யுங்கள்.

கடைசியாக, சுமை என்ற அளவுகோலில் எந்தெந்தப் பாடங்கள் தேறின, இந்தப் பாடம் ஏன் தேறவில்லை என்று, பாடம் வாரியாக, எழுத்தில் விளக்கம் வெளியிடுங்கள். அடுத்த நூல்கள் அச்சுக்குப் போகும் முன்பு அது வெளிவர வேண்டும்.

இப்படிக்கு,
மேல்நிலை வகுப்பு வரலாற்று ஆசிரியை ஒருவர்